ஆயிரம் வாட் சிவப்பு பல்பும் இருட்டறை அக்காவும்

எங்கள் கல்லூரியின் இயற்பியல் துறையில் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் ஐந்து பேர். அதில் நானும் ஒருவன். ஒளியைப் பற்றி உண்மையாகவே தெரிந்தவர் ஒருவர் உண்டு; அவர் இந்த ஐந்து பேரில் இல்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். இருட்டறைக்கு வெளியே, கால் ஆடும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கேண்டீன்காரருக்கும், ஏன், முதல்வருக்கும்கூட அவர் இருட்டறை அக்கா. சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது வருடத்துக்கு ஒருமுறை நியமன உத்தரவில் மட்டும் தலைகாட்டும்.

ஏன் வருடத்துக்கு ஒருமுறை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா தற்காலிக ஆய்வக உதவியாளர். பிள்ளைப்பேறு விடுப்பில் போன ஓர் அம்மாவுக்குப் பதிலாக நாற்பது நாள் வேலைக்கு வந்தவர். அந்த அம்மா திரும்பி வரவே இல்லை. அக்கா திரும்பிப் போகவே இல்லை. பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. ஆனால் கல்லூரியின் காகிதப்படி ஒரு வருடம்கூட ஓடவில்லை. ஜூன் முதல் தேதி வேலையில் சேர்வார். ஏப்ரல் முப்பதாம் தேதி பதினோரு மாதப் பணிக்காலம் முடிந்து, இருட்டறைச் சாவியைத் துறைத்தலைவர் மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். மே மாதம் முழுக்க அவர் யாரோ, கல்லூரி யாரோ. ஜூனில் மறுபடி விண்ணப்பம், மறுபடி நேர்முகத் தேர்வு, மறுபடி புது நியமனம்.

விண்ணப்பத்தில் 'முன் அனுபவம்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுத வேண்டும். 'உண்டு' என்று எழுதினால் புது ஆள் இல்லை என்றாகிவிடும். புது ஆள் இல்லாவிட்டால் வேலை கிடையாது. ஒரு ஜூனில், அலுவலகத்துக்கு அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்த எழுத்தர், "புதுசா சேர்ந்திருக்கீங்க போல, வாங்க, இருட்டறையைக் காட்டுறேன்" என்று அக்காவை அழைத்துக்கொண்டு கிளம்பினார். இரண்டாம் மாடியில் வழி தெரியாமல் நின்றுவிட்டார். அக்காதான் அவரைக் கூட்டிப் போய் இருட்டறையைக் காட்டி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, இறங்கும் வழியையும் சொல்லி அனுப்பினார்.

அந்த அறையை அவர் வைத்திருந்த விதத்தை நான் வேறு எங்கும் கண்டதில்லை. ஜன்னலுக்குக் கருப்புத் துணியை மூன்று மடிப்பாகத் தைத்துப் போட்டிருந்தார். கதவுக்கு அடியிலுள்ள இடுக்கில் பழைய போர்வையைச் சுருட்டி வைப்பார். சாவித் துவாரத்தில்கூடப் பஞ்சு இருக்கும். நிறக் கண்ணாடித் தகடுகளை வாரம் ஒருமுறை மெல்லிய துணியால் துடைத்து, ஒவ்வொன்றையும் தனி உறையில் போட்டு வைப்பார். கும்மிருட்டில் "அக்கா, பச்சைத் தகடு" என்று குரல் கொடுத்தால் போதும். இரண்டே நொடியில் கைக்கு வரும்.

நான் அதே கல்லூரியில் படித்தவன். அப்போது அக்கா என்னைத் தம்பி என்பார். ஏழு வருடம் கழித்து ஆசிரியராக அங்கேயே சேர்ந்தேன், மறுநாளிலிருந்து சார். "தம்பின்னே கூப்பிடுங்கக்கா" என்று சொல்லிப் பார்த்தேன்.

"கூப்பிட்டா உங்களுக்கு நல்லா இருக்கும். எனக்கு மெமோ வரும்" என்றார்.

இருட்டறையில் நடக்கும் சோதனை ஒன்றே ஒன்றுதான். ஒளிமின் விளைவு. ஒரு கண்ணாடிக் குமிழ். உள்ளே காற்று கிடையாது, ஓர் உலோகப் பூச்சு உண்டு. அதன் மேல் ஒளி பட்டால் உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் வெளியே குதிக்கும், மின்சாரம் ஓடும், மீட்டரில் முள் நகரும். வேடிக்கை என்னவென்றால், எல்லா ஒளிக்கும் அது மசியாது. ஒளி தண்ணீர் மாதிரி ஒழுகி வருவதில்லை. பொட்டலம் பொட்டலமாக வருகிறது. ஊதாவின் பொட்டலத்தில் சரக்கு அதிகம், சிவப்பின் பொட்டலத்தில் குறைவு. ஓர் எலக்ட்ரான் ஒரு நேரத்தில் ஒரு பொட்டலத்தைத்தான் வாங்கும். வெளியே வருவதற்கு வேண்டிய சரக்கு அதில் இருந்தால் வரும், இல்லாவிட்டால் உள்ளேயே கிடக்கும். ஐந்தடிச் சுவரை ஒரே தாவலில் தாண்டுகிறவன் தாண்டிவிடுவான். அரையடி உயரத்துக்கு ஆயிரம் தடவை குதிக்கிறவன் ஆயிரம் தடவையும் இந்தப் பக்கமேதான் விழுவான். ஆகவே மங்கலான ஊதா வெளிச்சம் முள்ளை நகர்த்தும். கண்ணைப் பறிக்கும் சிவப்பு வெளிச்சம் நகர்த்தாது. இதை நாங்கள் வருடா வருடம் கரும்பலகையில் எழுதி, அடிக்கோடு போட்டு, பரீட்சையில் பத்து மதிப்பெண் கேள்வியாகவும் கேட்கிறோம்.

அக்கா சேர்ந்த காலத்தில் சின்னதாக ஒரு பாதரச விளக்கு இருந்தது. ஊதா, நீலம், பச்சை எல்லாம் அதிலிருந்து வரும். ஏழாவது வருடம் அது உயிரை விட்டது. புது விளக்கு கேட்டுத் துறை எழுதியது, நிர்வாகம் யோசித்தது. அந்த நேரத்தில் பொறுப்பேற்ற புதுத் துறைத்தலைவர் ஒருநாள் இரண்டு கையாலும் அணைத்தபடி ஒரு விளக்கைத் தூக்கி வந்தார். நிறுவனரின் வெள்ளி விழா மேடையைச் சிவக்க வைத்த பல்பு. ஆயிரம் வாட்.

"பழசு வெறும் எண்பது வாட்டு. இது அதுக்கு அப்பன். இனிமே ரீடிங் பிச்சுக்கிட்டு வரும் பாருங்க" என்றார்.

அன்றிலிருந்து மாணவர்கள் அவருக்கு ஆயிரம் வாட் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவர் குரலுக்கும் அது பொருத்தம்தான். பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பிலும் மைக் பிடித்துப் பேசுகிறவர்.

முள் நகரவில்லை. மீட்டர் பழுது என்றார்கள், புது மீட்டர் வந்தது. குமிழ் பழுது என்றார்கள், புதுக் குமிழ் வந்தது. கம்பிகளை மாற்றினார்கள். மேஜையை மாற்றினார்கள். ஒரு விடுமுறையில் சுவருக்கெல்லாம் கருப்பு அடித்தார்கள். பல்பை மட்டும் யாரும் மாற்றவில்லை. ஏனென்றால் இருப்புப் பதிவேட்டில் 'விளக்கு, ஒன்று, நல்ல நிலையில்' என்று இருந்தது. நல்ல நிலையில் இருக்கும் விளக்குக்குப் பதிலாக இன்னொரு விளக்கு கேட்டால் தணிக்கையில் யார் பதில் சொல்வது?

காலை பத்து மணிக்கு 'சிவப்பு ஒளி எவ்வளவு பிரகாசமானாலும் எலக்ட்ரான் வெளிவராது' என்று பாடம் நடத்துவது. பதினொன்றரை மணிக்கு இருட்டறையில் சிவப்பு பல்பின் முன்னால் நின்று 'ஏன் நகர மாட்டேங்குது?' என்று தலையைச் சொறிவது. இது டாக்டர் பட்டம் வாங்கியவர்களால் மட்டுமே முடிகிற காரியம். நானும் செய்திருக்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் சுரைக்காய் ஏட்டுக்கே உதவவில்லை.

முள் நகராவிட்டாலும் ரெக்கார்டு நோட்டு நகர வேண்டுமே. பாதரச விளக்கு காலத்து மாணவி ஒருத்தியின் நோட்டு அலமாரியில் கிடைத்தது. அதற்குத் தாய் நோட்டு என்று பெயர். பன்னிரண்டு வருடமாக எல்லோரும் அதைப் பார்த்துத்தான் எழுதுகிறோம். சிவப்பு பல்பின் முன்னால் ஊதாக் கண்ணாடித் தகட்டை வைப்போம். அப்படி வைத்தால் வருவது கும்மிருட்டு. அந்தக் கும்மிருட்டுக்கும் தாய் நோட்டில் மூன்று இலக்கத்தில் ஒரு ரீடிங் இருந்தது. பக்கத்தின் ஓரத்தில் அந்தப் பெண் ஏதோ பஸ் நம்பரை, 47 என்று குறித்து வைத்திருந்தாள். அதையும் விட்டுவைக்கவில்லை. எங்கள் ஆய்வகத்தின் வெப்பநிலை பன்னிரண்டு வருடமாக 47 டிகிரி. ஆயிரம் வாட் பல்பு எரியும் அறையில், அந்த நோட்டிலேயே உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்த எண் அது ஒன்றுதான்.

அக்காவுக்கு இது பொறுக்கவில்லை. முதல் ஏழு வருடம் முள் நகர்ந்ததைக் கண்ணால் பார்த்தவர் துறையில் அவர் ஒருவர்தான். ஒருநாள் ஜன்னல் கம்பியைச் சரிசெய்ய வெல்டிங்காரர் வந்தார். துணியைக் கழற்றியிருந்தார்கள். வெளியே பளிச் பளிச்சென்று நீலப் பொறி பறக்கும்போதெல்லாம் மேஜை மேலிருந்த மீட்டரில் முள் துள்ளி விழுந்தது. அக்கா துறைத்தலைவரிடம் ஓடினார்.

"சார், வெல்டிங் வெளிச்சத்துக்கு முள்ளு துள்ளுது. குமிழு நல்லாத்தான் இருக்கு. பல்புலதான் கோளாறு."

"வெல்டிங் சிலபஸ்ல இல்லம்மா" என்றார் துறைத்தலைவர்.

அதற்குப் பிறகு அக்கா தானாகவே சோதனை செய்ய ஆரம்பித்தார். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் உள்ளே போவார். பழைய வருகைப் பதிவேட்டின் பின்பக்கங்களில் எழுதி வைப்பார். நான் பார்த்திருக்கிறேன்: 'மெழுகுவர்த்தி, லேசா. டார்ச்சுக்கு சிவப்புத் தாள் சுத்தி, இல்லை. இன்னொரு டார்ச் சேர்த்து, இல்லை. மூணு டார்ச் சேர்த்து, அப்பவும் இல்லை. செல்போன் லைட், நாலு கோடு.' கடைசியில் அவருடைய தங்கச்சி கடையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். தங்கச்சி வீட்டு முன்னறையில் பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். நகப்பூச்சு காயவைக்கும் விளக்கு அது. உள்ளங்கை அளவு. அழுத்தினால் ஊதா நிறத்தில், சாகப் போகிற மாதிரி மங்கலாக எரியும். அதைக் குமிழின் முன்னால் காட்டியதும் முள் பாதி அளவைத் தாண்டிப் போய் நின்றது.

அதையும் துறைத்தலைவரிடம் காட்டப் போனார்.

"இது இருப்புப் பதிவேட்டுல இருக்கா?"

"இல்ல சார். தங்கச்சி கடையில இருக்கு."

"பதிவேட்டுல இல்லாத விளக்குல வர்ற ரீடிங் செல்லாதும்மா. எடுத்துட்டுப் போங்க."

என்னிடமும் காட்டினார். "சூப்பர்க்கா" என்றேன். சொல்லிவிட்டு, அடுத்த வகுப்பு மாணவர்களுக்குத் தாய் நோட்டை எடுத்துக் கொடுத்தேன்.

இதற்கிடையில் நிரந்தரம் கேட்டு வருடத்துக்கு ஒரு மனு போய்க்கொண்டிருந்தது. 'விண்ணப்பதாரர் பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆவதால் பரிசீலிக்க இயலாது' என்று வருடத்துக்கு ஒரு பதில் வந்துகொண்டிருந்தது. பதினெட்டாவது மனுவைப் படித்தவருக்குப் பதினேழாவது மனு இருந்ததே தெரியாது. ஒவ்வொன்றும் தனியாகப் போய், தனியாக முட்டி, தனியாகத் திரும்பி வந்தது. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று சொன்னவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்ததில்லை. இருட்டறைக்கும் வந்ததில்லை. வந்திருந்தால் அந்தப் பழமொழியைக் கையோடு திரும்பப் பெற்றிருப்பார்.

போன வருடம் ஒரு புது விதி வந்தது. நாற்பத்தைந்து வயது முடிந்தவர்களைப் புதிதாக நியமிக்கக் கூடாது. அக்காவுக்கு மே மாதம் நாற்பத்தைந்து முடிகிறது. அதாவது, இந்த ஏப்ரலில் சாவியைக் கொடுத்தால் ஜூனில் அது திரும்பி வராது. அதற்குள் நிரந்தரம் ஆனால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அக்காவின் கணவர் லாரி ஓட்டுநர். மாதத்தில் நாலைந்து நாள்தான் வீட்டில் இருப்பார். அவர் "போதும், வீட்டுல இரு" என்று சொன்னாராம்.

"இருக்கலாம் சார்" என்றார் அக்கா என்னிடம். "ஆனா எனக்கு வேற என்ன தெரியும்? இருட்டுல எது எங்க இருக்குன்னு தெரியும். அது இந்த ரூமுக்கு வெளிய யாருக்கு வேணும்?"

அவர் அழவில்லை. நான்தான் உச்சுக் கொட்டினேன். உச்சுக் கொட்டுவதற்கு எந்தச் செலவும் இல்லை, ஆகவே அதைத் தாராளமாகச் செய்தேன்.

மார்ச் மாதம் கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வருவதாகத் தெரிந்தது. முந்தின நாள் துறைத்தலைவர் எங்களைக் கூட்டி இரண்டு உத்தரவு போட்டார். ஒன்று, முள் நகர வேண்டும். அதற்காக மேஜைக்கு அடியில் ஒரு பேட்டரியும், காலால் அழுத்துகிற மாதிரி ஒரு காலிங்பெல் சுவிட்சும் பொருத்தியாகிவிட்டது. அவர் தொண்டையைச் செருமினால் நான் மிதிக்க வேண்டும். இரண்டாவது, தற்காலிகப் பணியாளர்கள் எல்லோரும் போன ஜூனில் சேர்ந்தவர்கள்.

"அஞ்சு வருஷத்துக்கு மேல யாரையும் தற்காலிகமா வச்சிருக்கக் கூடாதுன்னு விதி. பத்தொன்பதுன்னு தெரிஞ்சா நம்ம கிரேடு அவ்வளவுதான். கேட்டா எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "உங்க ப்ரொபேஷன் ஃபைல் என் மேஜையிலதான் இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

அக்காவிடம் தனியாக, "நீங்க வாயத் திறக்காம நில்லுங்க. நல்லபடியா முடிஞ்சா உங்க மனுவ நானே தூக்கிட்டுப் போய் கையெழுத்து வாங்கித் தர்றேன்" என்று சொல்லியிருந்தார்.

குழுவில் மூன்று பேர். தலைவர், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஓர் அம்மையார். மற்ற இருவரும் அவருக்குப் பின்னால் தலையாட்டிக்கொண்டே வந்தார்கள். இருட்டறைக்குள் நுழைந்ததும் ஆயிரம் வாட் பல்பைப் போட்டோம். எல்லோரும் சிவந்து, வேர்த்தோம். துறைத்தலைவர் செருமினார். நான் மிதித்தேன். முள் நகர்ந்தது.

"எக்ஸலன்ட்" என்றார் தலையாட்டிகளில் ஒருவர்.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு குறை. துறைத்தலைவருக்கு அன்று ஜலதோஷம். வரவேற்று இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நாலு தடவை இருமினார். எது செருமல், எது இருமல் என்று எனக்குப் பிடிபடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் மிதித்தேன். அவர் இருமும்போதெல்லாம் முள் துள்ளியது.

"சிவப்புலயா இப்படி வருது?" என்று கேட்டார் தலைவர்.

"ஆயிரம் வாட் மேடம்!" என்றார் துறைத்தலைவர் பெருமையாக.

தலைவர் கையை நீட்டிப் பல்பை அணைத்தார். மீட்டருக்குள் இருந்த பொட்டு விளக்கு மட்டும் தெரிந்தது. அந்த இருட்டில் துறைத்தலைவருக்கு வந்தது நிஜமான இருமல். என் கால் பழக்கதோஷத்தில் மிதித்தது. முள் அழகாக நகர்ந்தது.

"லைட்டே இல்லாம நகருதே?"

"அது வந்து மேடம்... இவ்வளவு நேரம் விழுந்த வெளிச்சம் உள்ள சேர்ந்து நின்னிருக்கும். இப்ப மெதுவா வெளிய வருது."

ஒளி அப்படிச் சேர்ந்து நிற்காது என்று காட்டத்தான் இந்தச் சோதனையே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். சோறே இல்லாமல் மறைக்கப் பார்த்தவரை அன்றுதான் கண்டேன்.

"மேடம், ஒரு நிமிஷம் இருங்க" என்று ஒரு குரல் கேட்டது. அக்கா. என் பக்கத்தில் வந்து, மெதுவாக, "சார், காலை எடுங்க" என்றார். எடுத்தேன். குனிந்து பேட்டரிக் கம்பியைப் பிடுங்கினார். இடுப்பிலிருந்து அந்த உள்ளங்கை விளக்கை எடுத்துக் குமிழின் முன்னால் அழுத்தினார். மங்கலான ஊதா. முள் நகர்ந்து நின்றது. நடுவில் கையை வைத்து மறைத்தார், முள் விழுந்தது. விளக்கை இரண்டடி தள்ளிப் பிடித்தார், முள் குறைந்தது, ஆனால் நின்றது. பிறகு அதை அணைத்துவிட்டு ஆயிரம் வாட்டைப் போட்டார். அறை முழுக்கச் சிவந்தது. முள் பூஜ்ஜியத்தில் படுத்தே கிடந்தது. துறைத்தலைவர் இருமினார். அப்போதும் படுத்தே கிடந்தது.

"இவ்வளவு சுத்தமா இந்தச் சோதனையை நான் எந்தக் காலேஜ்லயும் பார்த்ததில்ல" என்றார் தலைவர். "யாரோட யோசனை?"

"எங்க துறையோட கண்டுபிடிப்பு மேடம்" என்றார் துறைத்தலைவர்.

தலைவர் அக்கா பக்கம் திரும்பினார். "நீங்க நிரந்தரமா இருக்கீங்களா?"

"இல்ல மேடம். தற்காலிகம்."

"எத்தனை வருஷமா?"

"பத்தொன்பது வருஷம் மேடம்."

துறைத்தலைவருக்கு ஜலதோஷம் அந்த நொடியே குணமானது. "மேடம், அவங்க போன ஜூன்லதான் சேர்ந்தாங்க. இதோ நியமன ஆர்டர். முன் அனுபவம் இல்லைன்னு அவங்க கையாலயே எழுதிக் குடுத்திருக்காங்க பாருங்க."

தலைவர் காகிதத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "அஞ்சு வருஷம் இருந்திருந்தாலே நிரந்தரம் ஆக்கணும்னு நான் ரிப்போர்ட்ல எழுதலாம். எழுதினா நிர்வாகம் மறுக்க முடியாது" என்றவர், என்னிடம் வந்தார். "நீங்க இங்கயே படிச்சவர்னு போட்டிருக்கு. நீங்க மாணவரா இருந்தப்ப இவங்க இங்க இருந்தாங்களா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. நிறக் கண்ணாடித் தகடுகளை உறையில் போட ஆரம்பித்திருந்தார். நான் என்ன சொல்வேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எத்தனையோ மாலைகளில் அந்த அறையில் "தம்பி, கண்ணுக்குத் தண்ணி அடிச்சுட்டு வந்து எழுதுங்க" என்று எனக்குச் சொன்னவர் அவர்.

"இல்ல மேடம்" என்றேன். "போன ஜூன்லதான் சேர்ந்தாங்க."

நாக்கு அப்போது கூசவில்லை. பிறகுதான் கூசியது. அக்கா ஒரு தகட்டைப் பாதி உறைக்குள் போட்டபடி நின்றார். அப்புறம் அதை முழுவதும் உள்ளே தள்ளி, அலமாரியைச் சாத்தினார். தலைவர் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

எங்களுக்கு நல்ல கிரேடு வந்தது. துறைத்தலைவர் 'எளிய முறையில் ஒளிமின் சோதனை' என்று ஒரு கட்டுரை எழுதி வெளியிட்டார். ஐந்து டாக்டர்களின் பெயரும் அதில் இருந்தது. என் பெயர் இரண்டாவது. கால் கொடுத்து உதவியதற்காக இருக்கலாம். அக்காவின் பெயர் நன்றியுரையில்கூட இல்லை. 'உபகரணம் வழங்கியோர்' என்று தங்கச்சியின் பார்லர் பெயர் மட்டும் இருந்தது. அந்தக் கட்டுரையைக் காட்டி என் ப்ரொபேஷன் முடிந்து நான் நிரந்தரம் ஆனேன். அக்காவின் பத்தொன்பதாவது மனுவுக்கு, பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆவதாகப் பதில் வந்தது.

ஏப்ரல் முப்பதாம் தேதி மத்தியானம் அக்கா என் மேஜைக்கு வந்தார்.

"ஒரு பள்ளிக்கூடத்துல லேப் வேலை இருக்காம் சார். வயசு பார்க்கலையாம். அனுபவச் சான்றிதழ் மட்டும் கேட்கிறாங்க."

நான் உடனே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். 'எங்கள் துறையில் பத்தொன்பது ஆண்டுகள் சிறப்பாகப் பணியாற்றினார்' என்று அடித்தேன். 'சிறப்பாக' என்பதை 'மிகச் சிறப்பாக' என்று மாற்றினேன். துறைத்தலைவர் போனில் சத்தமாகப் பேசிக்கொண்டே, என்ன காகிதம் என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எனக்கு மனம் லேசானது. செய்த பாவத்தைக் கழுவியாயிற்று என்றே நினைத்தேன். வெட்கக்கேடு, உண்மையில் அப்படித்தான் நினைத்தேன்.

அக்கா நின்றபடியே எழுத்தெழுத்தாகப் படித்தார். 'பத்தொன்பது' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். முகம் மலர்ந்தது. பிறகு காகிதத்தை என்னிடமே நீட்டினார்.

"ரொம்ப சந்தோஷம் சார். ஆனா இது வேண்டாம்."

"ஏன்க்கா? உண்மைதானே?"

"உண்மைதான். ஆனா கமிட்டி ரிப்போர்ட்ட காலேஜ் வெப்சைட்ல போட்டிருக்காங்க. தங்கச்சி காட்டினா. 'இவர் ஜூனில் சேர்ந்தவர். முன்னாள் மாணவரான ஆசிரியர் உறுதி செய்தார்'னு உங்க பேரோட இருக்கு. அந்தப் பள்ளிக்கூடத்துல ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா யாரைப் பொய்க்காரின்னு சொல்லுவாங்க? பதினோரு மாசம்னே போட்டுக் குடுத்துடுங்க."

"நான் வேணா அவங்களுக்கு போன் பண்ணிச் சொல்றேன்க்கா."

"என்னன்னு சொல்லுவீங்க சார்?"

குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது. திரும்பி உட்கார்ந்து, 'பத்தொன்பது ஆண்டுகள்' என்பதை அழித்து, 'பதினோரு மாதங்கள்' என்று அடித்தேன். அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். 'மிகச் சிறப்பாக' என்பதை அப்படியே விட்டுவிட்டேன்.

துறைத்தலைவரிடம் நானே கொண்டுபோனேன். போன் பேசி முடித்திருந்தார். இந்தத் தடவை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தார்.

"சரியாத்தான் இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார்.